ஈரத்துண்டு காயும் நேரம்

"மேடம், நம்ம பக்கம் மா ஒட்டுக் கட்ட எந்த மாசம் பெஸ்ட்?" போன வாரம், ஒட்டுக் கட்டப் பழகிக்கொண்டிருக்கும் உங்களில் ஒருவர் எனக்கு வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். ஒரு மாதத்தின் பெயரைப் பதிலாக எதிர்பார்த்திருப்பார். எழுத ஆரம்பித்தேன், அழித்தேன், மறுபடி ஆரம்பித்தேன். கடைசியில் செல்போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு, மொட்டைமாடிக்குப் போய், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் இந்தப் புத்தி போகவில்லை.

என்னோடு தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஓய்வு பெறும் நாள்வரை என் நாற்காலி புதுசாகவே இருந்தது என்பார்கள். உட்கார்ந்தால்தானே பழசாகும்? டீ ஆறும்வரை பொறுக்காமல் நாக்கைச் சுட்டுக்கொள்கிற ஆள் நான். அப்படிப்பட்டவள் காத்திருப்பதே பாதி வேலையாக இருக்கிற தொழிலுக்கு வந்து மாட்டிக்கொண்டேன். உங்களிலும் என்னைப் போல நிலைகொள்ளாதவர்கள் சிலர் இருப்பீர்கள். இது அவர்களுக்காக.

கத்தியை எந்தச் சாய்வில் பிடிப்பது, எவ்வளவு இறுக்கிக் கட்டுவது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதை நான் தொடப்போவதில்லை. ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்பில், ஒரு ஆனி முடிவிலிருந்து ஐப்பசிவரை நான் பட்ட அவஸ்தையை மட்டும் சொல்கிறேன்.

தோப்பு கூட்டுக் குடும்பத்துச் சொத்து. பார்த்துக்கொண்டது இளைய மருமகள் தங்கமணி. அவள் கணவர் ரிக் லாரியில் வடமாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு போடப் போய்விடுவார், மாதக்கணக்கில் வரமாட்டார். ஊரில் குடும்பத்துக்குப் பெரியவர் கணவரின் அண்ணன் அர்த்தநாரி. தோப்பை ஒட்டி அவருக்கு முட்டைக்கோழி ஷெட்டுகள் இருந்தன. மனிதர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த வீட்டில் எதுவானாலும் அவர் சொல்வதுதான் கடைசிச் சொல். தங்கமணி சொல்வது முதல் சொல்லாகக்கூட இருந்ததில்லை.

தோப்பில் இருந்தவை மாம்பழக் கூழ் ஆலைக்குப் போகிற பழைய பெங்களூரா மரங்கள். தங்கமணிக்கு அதில் மனம் ஒட்டவில்லை. அயோத்தியாப்பட்டணத்தில் அவள் பிறந்த வீட்டுக் கொல்லையில் கொட்டை போட்டு முளைத்த ஒரு மாமரம் உண்டு. அதன் பழத்தில் நாரே இருக்காது, சேலத்து வியாபாரிகள் வீடு தேடி வந்து கேட்பார்கள். அந்த ஒற்றை மரத்தின் குச்சியைக் கொண்டுவந்து இந்தத் தோப்பு முழுவதையும் மாற்றிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. அர்த்தநாரிக்கோ அந்த இடத்தில் இன்னொரு ஷெட் போட வேண்டும். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவள் எதிர்த்துப் பேசினாள். ஐப்பசிக்குள் தோப்பு தோப்பாகத் தெரியாவிட்டால் அடிமரங்களைப் பிடுங்கிவிட்டு ஷெட் என்று அவர் கெடு வைத்தார்.

துறையின் திட்டத்தில் அந்தத் தோப்பு என் பொறுப்புக்கு வந்தது, தை மாதம் மரங்களின் கிளைகளை வெட்டினோம். காய்க்கிற மரத்தை மொட்டையடித்துவிட்டாள் என்று ஊரே பேசியது. பங்குனியில் வெட்டிய இடங்களில் செம்பு நிறத்தில் குருத்துகள் கிளம்பின. அந்தக் குருத்தில்தான் புது ரகத்தின் குச்சியை ஒட்ட வேண்டும். எப்போது என்பதுதான் கேள்வி.

துறையின் கையேட்டில் ஆனி, ஆடி என்று இருந்தது. மேகம் திரளும், வெயில் தணியும், காற்றில் ஈரம் இருக்கும். மழை நின்று பெய்கிற ஊருக்கு அது சரி. நம் சேலம், நாமக்கல் சமவெளியில் அந்த மேகம் தலைக்கு மேலே போய்விடும், நமக்கு மிஞ்சுவது காற்று மட்டும்தான். வெயில் குறைந்ததே என்று மனிதர்கள் ஏமாந்துபோவார்கள். நான் குமாரபாளையத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள், ஏமாறமாட்டேன். ஆடிக்காற்றில் எங்கள் அப்பாவின் தறியில் இழை பொட்டுப் பொட்டென்று அறும். அவர் திட்டிக்கொண்டே தறிக்குழியைச் சுற்றித் தண்ணீர் தெளிப்பார், பக்கத்தில் ஒரு ஈரத்துண்டைக் கட்டித் தொங்கவிடுவார். துண்டு காய்கிற வேகத்தைப் பார்த்துத்தான் அன்றைக்கு நெய்வதா வேண்டாமா என்று முடிவு செய்வார்.

காற்று அடங்கும்வரை பொறுக்கலாம், ஆவணியில் பார்க்கலாம் என்று தங்கமணியிடம் சொல்லியிருந்தேன். அவளும் தலையாட்டினாள். ஆனி பாதியில் அர்த்தநாரி, இவ்வளவு பெரிய காரியத்தை அம்மனைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று குலதெய்வம் கோயிலில் பூக்கேட்க ஏற்பாடு செய்தார். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்னால் வைப்பார்கள். பூசாரி எடுத்துத் தரும் பொட்டலத்தில் வெள்ளை இருந்தால் உத்தரவு கிடைத்ததாக அர்த்தம். வெள்ளைதான் வந்தது.

அதில்தான் வந்தது வினை. உத்தரவு கிடைத்துவிட்டது, அடுத்து ஆடி பிறக்கப் போகிறது, ஆடியில் எதையும் புதிதாகத் தொடங்கமாட்டார்கள். அதனால் ஆடி பிறப்பதற்குள் தொடங்கியாக வேண்டும் என்று வீடே பரபரத்தது. தங்கமணி என்னிடம் கேட்காமல் அயோத்தியாப்பட்டணத்துக்குச் சொல்லி, தாய் மரத்தில் கைக்கு எட்டிய குச்சிகளில் எல்லாம் இலை கிள்ளவைத்துவிட்டாள். இலை கிள்ளினால் சில நாளில் நுனி மொட்டு வீங்கும், வீங்கிய குச்சியை வெட்டி ஒட்ட வேண்டும். நன்றாகச் செய்யப்பட்ட வேலை, தவறான வாரத்தில்.

விஷயம் தெரிந்ததும் ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போனேன். காற்றில் வண்டி ஒரு பக்கமாகவே சாய்ந்து போனது. தோப்பில் என் துண்டைத் தொட்டியில் நனைத்துப் பிழிந்து மேற்கோரத்து மரத்தில் போட்டேன். அவர்கள் கொடுத்த டீயை நான் வழக்கம்போல் அவசரமாகக் குடித்து முடித்துப் பார்த்தால், துண்டு முறுகிப்போய்ப் படபடத்துக்கொண்டிருந்தது. இன்றைக்குக் கட்டவே கூடாது என்றேன்.

அர்த்தநாரி சிரித்தார். "துண்டு காயறதுக்கும் மாமரத்துக்கும் என்னுங்க சம்பந்தம்?"

"குச்சிக்கு வேர் இல்லீங்க. துண்டு மாதிரித்தான். கையில கொண்டுவந்த ஈரம் தீர்றதுக்குள்ள கீழ இருக்கற மரத்தோட சேந்தாகோணும்."

அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. கோடையில் கோழி செத்துவிடும் என்று அவர் மழைக்காகவா காத்திருக்கிறார்? ஷெட்டுக்குப் படுதா கட்டுகிறார், ஃபாகர் வைத்துப் புகைபோலத் தண்ணீர் தெளிக்கிறார், பருவத்தையே மாற்றிவிடுகிறார். மரத்துக்கு மட்டும் ஏன் முடியாது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். காற்றும் கோழிக்குஞ்சைக் கொல்லும் என்று அறிந்தவர் அவர். நான் மறுத்ததும் வெளியூரிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிவந்து, ஆனி முடிவதற்குள் ஒரு வரிசையை மட்டும் கட்டவைத்தார். மேற்கே படுதா கட்டினார். ஷெட்டிலிருந்து ஃபாகர் குழாயை இழுத்துவந்து போட்டார். ஒவ்வொரு ஒட்டின் மேலும் குச்சி ஐஸ் அடைக்கிற நீளமான பாலித்தீன் கவர். தொடங்கியாயிற்று, அம்மன் வாக்கும் காப்பாற்றப்பட்டது என்று நிம்மதியானார்கள்.

எனக்குத்தான் நிம்மதி போயிற்று. ஆடி முழுக்க ஏதாவது சாக்குச் சொல்லி அந்தச் சாலையில் போவேன். நாமக்கல்லில் கூட்டம் என்றால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தோப்பு கடக்கும்போது எட்டிப் பார்ப்பேன். மேலிடத்திலிருந்து வேலை முடிந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். காற்று அடங்கட்டும் என்று எழுதினால் அதை யார் ஏற்றுக்கொள்வார்கள்? நடைபெறுகிறது என்று எழுதினேன். என்ன நடைபெறுகிறது என்று யாராவது கேட்டிருந்தால் நான்தான் இங்குமங்கும் நடக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும்.

பாதி ஆடியில் தங்கமணி போன் செய்தாள். குரலே பாடியது. "துளுத்திருச்சுங்க மேடம். எல்லாத்துலயும் துளுத்திருச்சு."

போனேன். கவருக்குள்ளே எல்லா ஒட்டிலும் இளம் இலை விரிந்திருந்தது. அர்த்தநாரி வாசல்வரை வந்து வரவேற்றார், மிக்சரும் டீயும் வரவழைத்தார். இதுவரை 'அந்த மொட்டை மரங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அன்றைக்கு 'நம்ம தோப்பு' என்றார். ஷெட் யோசனையை விட்டுவிட்டதாகவும், மறுநாளே மிச்ச மரங்கள் அத்தனைக்கும் ஒட்டுக் கட்டிவிடலாம், இன்னும் ஃபாகர் இறக்குகிறேன் என்றும் சொன்னார். தாய் மரத்தின் உச்சியில் மிச்சமிருந்த குச்சிகளையும் வெட்டிவர ஆள் சொல்லியாயிற்றாம். பக்கத்தில் தங்கமணி முகமெல்லாம் பல்லாக நின்றாள்.

நான் ஒட்டுகளைக் குனிந்து பார்த்தேன். மேலே இலை வெளிறியிருந்தது. கீழே மரத்தின் சொந்தக் குருத்து முற்றி விறைத்திருந்தது. இரண்டும் சேர்ந்த இடத்தில் எந்தத் திரட்சியும் இல்லை. பிடித்த ஒட்டானால் அங்கே தடித்திருக்க வேண்டும்.

உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். எதிர்க்கிறவரிடம் வேண்டாம் என்று சொல்வது பெரிய காரியமில்லை, அதற்கு எங்கிருந்தோ வீம்பு வந்துவிடும். எனக்கோ, கடைசியில் ஒருவழியாகச் சரி என்று சொல்லிவிட்ட மனிதரிடம், அவர் கொடுத்த டீ கையில் இருக்கும்போது, வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. வாழ்த்துச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பியிருந்தால் அன்றைக்கு எல்லோரும் சந்தோஷமாக இருந்திருப்பார்கள். ஆவணியில் அத்தனை குச்சியும் கருகியிருக்கும், அடுத்த வருஷம்வரை தாய் மரத்தில் வெட்ட ஒன்றும் இருந்திருக்காது, தோப்பு ஷெட்டாகியிருக்கும். வாயைத் திறந்தாலோ, அந்த மனிதரை இழந்துவிடுவோம். நான் தோப்பை ஒரு சுற்றுச் சுற்றினேன். போதவில்லை, இன்னொரு சுற்றும் சுற்றினேன்.

திரும்பி வந்து, இதில் எது நன்றாக வந்திருக்கிறது என்று அர்த்தநாரியிடம் கேட்டேன். பெருமையாக ஒன்றைக் காட்டினார். அதை அவிழ்த்துப் பார்க்கலாமா என்றேன். அவர் முகம் சுருங்கியது. நன்றாக இருப்பதை எதற்குக் கலைப்பது என்றார். நான் தங்கமணியைப் பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு போய்விட்டது.

"அவுத்துப் பாருங்க மேடம்," என்றாள்.

கவரை எடுத்தேன். கட்டைப் பிரித்தேன். இலையோடு இருந்த குச்சி, ஜாடி மூடிபோலக் கையோடு வந்துவிட்டது. வெட்டுவாய் இரண்டு பக்கமும் காய்ந்து பழுப்பேறியிருந்தது. மேலே இலை மட்டும் இன்னும் பச்சையாக என் விரல்களுக்கு நடுவில் ஆடியது.

அர்த்தநாரி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இத்தன நாளு இது எதுல உசுரோட இருந்துச்சுங்க?"

"கையில கொண்டுவந்த ஈரத்துலங்க. இலை கிள்ளினப்பவே மொட்டு வீங்கிருச்சு, அதுபாட்டுக்கு விரிஞ்சிருச்சு. கீழ இருக்கற மரத்துக்கு இது வந்திருக்கறதே தெரியாதுங்க."

அவர் அந்தக் குச்சியைக் கீழே போடவில்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு ஐப்பசிக்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உச்சிக் குச்சிகளை வெட்டப் புறப்பட்ட ஆளைத் தங்கமணி போன் செய்து நிறுத்தினாள். பின்னால், அந்த வரிசையில் இரண்டு ஒட்டுகள் மட்டும் உண்மையாகவே பிடித்துக்கொண்டன. அவை மட்டும் ஏன் பிடித்தன என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, தெரிந்ததுபோல் உங்களிடம் சொல்லவும் மாட்டேன்.

தங்கமணி தொட்டி மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். அம்மன் வெள்ளைப் பூக் கொடுத்ததே, அது பொய்யா என்று கேட்டாள். நீ அம்மனிடம் என்ன கேட்டாய் என்று கேட்டேன். தோப்பை ஒட்டுக் கட்டி மாற்றலாமா என்று கேட்டோம் என்றாள். அதற்கு அம்மன் சரி என்று சொல்லிவிட்டது, எப்போது என்று நீங்கள் கேட்கவே இல்லையே, அது நம் வேலை என்றேன். அடுத்து நான் சொல்ல வேண்டியது அதைவிடக் கஷ்டமானது.

மிச்ச மரங்களில் குருத்துகள் நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் முற்றிக்கொண்டு வந்தன. ஆவணிவரை அப்படியே விட்டால் ஒட்டுக்கு ஆகாது. இப்போதே அவற்றை அடியோடு வெட்டிவிட்டால் காற்று அடங்கும் நேரத்துக்குப் புதுக்குருத்து வரும். அதாவது, தையில் மொட்டையான மரங்களை ஆடியில் இன்னொரு தடவை மொட்டையடிக்க வேண்டும். ஊர் பார்த்துக்கொண்டிருக்க, மச்சாண்டார் அர்த்தநாரி கோபித்துக்கொண்டு போயிருக்க, அவள் கையாலேயே.

"இந்தத் தடவயும் காஞ்சுபோச்சுன்னா," என்றாள், "நான் இந்த ஊட்டுல அப்பறம் வாயே தொறக்க முடியாதுங்க."

எனக்கு அவளுக்கு உறுதி கொடுக்க ஆசையாக இருந்தது. நான் கொடுக்கவில்லை. நிச்சயமில்லை கண்ணு, ஆனால் இதுதான் வழி என்று எனக்குத் தோன்றுகிறது என்று மட்டும் சொன்னேன். அவள் எழுந்து கிளை வெட்டும் கத்தரியை எடுத்தாள். முதல் மரத்தில் ஒவ்வொரு வெட்டுக்கும் என்னைப் பார்த்தாள். மூன்றாவது மரத்துக்கு அப்புறம் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிளம்பும்போது என் துண்டை அவளிடம் கொடுத்தேன். வெயில் ஏறியதும் நனைத்துப் போடு, காய்கிற நேரத்தைப் பார், என்னைக் கூப்பிடாதே, துண்டு கூப்பிடச் சொல்லும்போது கூப்பிடு என்றேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் நான் துவைத்த துணியை எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். என் மகள், அம்மாவுக்குக் கொடியில்தான் வேலை என்று கேலி செய்தாள். ஆவணி பிறந்தது. ஒரு நாள் காற்று குறைந்த மாதிரி இருக்கும், மறுநாள் மண்ணை வாரி அடிக்கும். பலமுறை போனை எடுத்தேன். கூப்பிட்டால் என் அவசரம் அவளுக்குத் தொற்றிவிடும் என்று திரும்ப வைத்தேன். பொறுமை என்று இதற்குப் பேர் வைக்காதீர்கள். எனக்குப் பொறுமை வரவே இல்லை. கை மட்டும்தான் சும்மா இருந்தது, அது போதுமாக இருந்தது.

ஆவணி பாதி தாண்டி ஒரு முற்பகலில் போன் வந்தது. தங்கமணி இல்லை. அர்த்தநாரி.

"மேடம், துண்டு காயலீங்க."

நான் எழுந்து நின்றுவிட்டேன். எவ்வளவு நேரமாயிற்று என்று கேட்டேன்.

"கோழிக்குத் தீனி வெச்சுட்டு வந்து தொட்டுப் பாத்தேன். முட்டை எடுத்து முடிச்சுட்டு வந்து பாத்தேன். இன்னும் ஈரம் கையில ஒட்டுதுங்க." கூடவே, "நான் போடலீங்க, நம்ம தங்கமணி அம்மிணி போட்டதுதான். சும்மா அந்தப் பக்கம் போனேன், தொட்டுப் பாத்தேன்," என்றார்.

சும்மா போனவர் எத்தனை நாளாகச் சும்மா போய்க்கொண்டிருந்தார் என்று நான் கேட்கவில்லை. தாய் மரத்தின் உச்சிக் குச்சிகளில் இலை கிள்ள ஆள் ஏற்றச் சொன்னேன். மொட்டு வீங்கியதும் புரட்டாசித் தொடக்கத்தில், மூட்டம் போட்ட நாட்களாகப் பார்த்து, தோப்பு முழுவதையும் கட்டினோம். புதுக்குருத்துகள் செம்பு நிறத்தில், நகம் பட்டால் தடம் விழுகிற இளசாக இருந்தன. சில நாளில் துளிர்த்தது. இந்தத் தடவை யாரும் மிக்சர் வாங்கவில்லை. அக்கம்பக்கத்தார் வந்து பிடித்துவிட்டதே என்று சொன்னால் அர்த்தநாரி கடுகடுவென்று, "துளுத்ததெல்லாம் கணக்கில்லீங்க, இல முத்தட்டும்," என்று விரட்டினார். வடக்கோரத்தில் ஒரு பெருமழை கவருக்குள் இறங்கிச் சில ஒட்டுகள் அழுகின. மற்றவை நின்றன. வெட்டுவாயில் திரட்சி கண்டது, இலை முற்றிக் கரும்பச்சையாயிற்று.

மாதம் கேட்ட பிள்ளைக்கு: என் பதில் இதுதான். உங்கள் தோப்பில் இன்றைக்குத் துண்டு எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்று சொல்லுங்கள், பிறகு பேசலாம். அவசரம் இருக்கட்டும், அது நல்லதுதான், அதுதான் உங்களை மறுபடி மறுபடி போய்ப் பார்க்க வைக்கும். ஆனால் நீங்கள் கிளம்பும்போது கத்தியை வண்டிப் பெட்டியிலேயே பூட்டி வையுங்கள்.

ஐப்பசியில், கெடு முடிகிற சமயத்தில், நான் தோப்புக்குப் போனேன். வாசலிலேயே வண்டியை நிறுத்தினேன். ஷெட் போடும் ஒப்பந்தக்காரர் அளவு நாடாவோடு நின்றிருந்தார். அர்த்தநாரி அவரோடு பேசிக்கொண்டிருந்தார். மரங்கள் எல்லாம் தழைத்து நிற்கின்றன, இன்னும் என்ன அளவெடுக்கிறார்கள் என்று வேகமாக அருகில் போனேன். ஒப்பந்தக்காரர் எந்தப் பக்கம் ஆரம்பிக்கலாம் என்று கேட்டார்.

"இருங்க," என்றார் அர்த்தநாரி. "அம்மிணியக் கேட்டுத்தான் சொல்லோணும்."

கூப்பிட்டார். தங்கமணி மரங்களுக்கு நடுவிலிருந்து என் பழைய துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். இரண்டு ஆண்களும் காத்துக்கொண்டு நின்றார்கள். அவள் தோப்பை ஒரு தடவை, கிணற்றடியை ஒரு தடவை பார்த்தாள்.

"கெணத்துக்கு அந்தப் பக்கம் போட்டுக்கங்க மாமா," என்றாள். "இங்க வேண்டாமுங்க."

"செரி," என்றார் அர்த்தநாரி. ஒப்பந்தக்காரர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு கிணற்றைப் பார்க்க நடந்தார்.